கண் இடும் மதிப்பெண்

‘கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம்மவர் வாயில் வழங்கும் பழமொழி. விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்கு இது மிகவும் உவப்பானது. கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்றுதான் ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நீளத்தை வெர்னியர் சொல்லும். மின்னோட்டத்தை அம்மீட்டர் சொல்லும். வெப்பத்தை வெப்பமானி சொல்லும். ஆயினும், கருவிகள் எல்லாம் ஒதுங்கி நிற்க, மனிதக் கண் ஒன்றே நீதிபதியாக அமரும் ஆராய்ச்சித் துறை ஒன்று உண்டு. சுருக்கப்பட்ட வீடியோப் படத்தின் தரத்தை அளக்கும் துறையே அது. அதைப் பற்றிச் சில செய்திகளை நம் மன்றத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வீடியோவை ஏன் சுருக்க வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். இன்று நாம் பார்க்கும் உயர்தரப் படத்தின் ஒரு சட்டத்தில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் உள்ளன. ஆகமொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எழுத 24 பிட் வேண்டும். நொடிக்கு 25 சட்டங்கள் ஓடுகின்றன. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறக்குறைய 124 கோடி பிட் வருகிறது. விடுதியில் நாற்பது பேர் பங்கிட்டுக்கொள்ளும் இணைய இணைப்பில் இவ்வளவும் எப்படி வந்து சேரும்? ஆகவே அதை நொடிக்கு 50 லட்சம் பிட் அளவுக்குச் சுருக்கி அனுப்புகிறார்கள். அதாவது 250 பங்கில் ஒரு பங்கே நமக்கு வந்து சேருகிறது. மீதி 249 பங்கும் எங்கே போயின என்று நாம் கேட்பதே இல்லை. கிரிக்கெட் பார்த்துவிட்டு உறங்கப் போய்விடுகிறோம்.

அந்த 249 பங்கில் ஒரு பகுதி உண்மையிலேயே தேவையற்றது. ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையே பெரும்பாலும் எதுவும் மாறுவதில்லை. மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். ஆனால் இன்னொரு பகுதி, கண்ணை ஏமாற்றி எடுத்துக்கொண்டது. நம் கண்ணுக்கு ஒளியின் ஏற்றத்தாழ்வு கூர்மையாகத் தெரியும். நிறத்தின் ஏற்றத்தாழ்வு அவ்வளவு கூர்மையாகத் தெரியாது. எனவே ஒளியளவை ஒவ்வொரு புள்ளிக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு செயலாலேயே பாதிச் சுமை குறைந்துவிடுகிறது. நம்மில் ஒருவரும் அதைக் கண்டுபிடித்ததில்லை.

இதனினும் நுட்பமானது கொசைன் உருமாற்றம் என்னும் முறை. படத்தை எட்டுக்கு எட்டாகச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மெல்லிய, நெருங்கிய அலைகளின் கூட்டாக எழுதும் முறை இது. நெருங்கிய அலைகளில் நேரும் பிழை கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகையால் அவற்றை முரட்டுத்தனமாகத் தோராயப்படுத்தி விடலாம். இதை வெளியிட்டவர் 1940-இல் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது. 1974-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த அந்தச் சிறு கட்டுரையில் அவருடன் தி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய இருவர் பெயரும் உள்ளன. அதில் நடராஜன் ஓர் ஆராய்ச்சி மாணவர். இன்று உலகில் அனுப்பப்படும் ஒளிப்படங்களிலும் வீடியோக்களிலும் பெரும்பாலானவை அந்த உருமாற்றத்தையோ அதன் வழிவந்த ஒன்றையோ கடந்தே வருகின்றன. ஆராய்ச்சி மாணவர் எனப்படுவோர் ஆய்வகத்தில் தேநீர் அருந்துவதற்கென்றே இருப்பவர்கள் என்று நினைக்கும் விடுதித் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்க.

ஏமாற்று வேலைக்கும் ஓர் எல்லை உண்டு. பிட்டுகளை மேலும் மேலும் குறைத்தால் கண் விழித்துக்கொள்கிறது. படம் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்குகிறது. எழுத்துகளின் விளிம்பைச் சுற்றிக் கொசுக்கூட்டம் மொய்ப்பது போன்ற சலனம் தோன்றுகிறது. மாலை வானம் ஒரே சீராக மங்காமல் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கிறது. முகத்தின் நுண்ணிய கோடுகள் அழிந்து மெழுகு பொம்மையின் முகம் போல் ஆகிவிடுகிறது. ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் பேசும் அன்னையர், “ஏன் இப்படி இளைத்துப் போனாய்?” என்று கேட்பதில் பாதி, இந்தச் சுருக்கத்தின் வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

இக்குறைகளைக் கருவி கொண்டு அளக்கக் கூடாதா என்று கேட்கலாம். அளக்கலாம், நெடுங்காலமாக அளந்தும் வருகிறார்கள். மூலப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் சுருக்கிய படத்தின் அதே புள்ளியோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை வர்க்கப்படுத்திக் கூட்டிச் சராசரி எடுப்பது ஒரு முறை. கணிதம் அறிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் நிரல் எழுதிவிடலாம். ஆனால் இந்த எண்ணுக்குக் கண் இல்லை. ஒரு படம் முழுவதையும் ஒரே ஒரு புள்ளி வலப்புறம் நகர்த்தி வையுங்கள். பார்ப்பவர் எவருக்கும் வேறுபாடு தெரியாது. கணக்கோ பெரும்பிழை என்று கூச்சலிடும். மாறாக, ஒருவர் முகத்தில் மட்டும் நாலைந்து கட்டங்கள் சிதைந்திருந்தால், படத்தின் மொத்தப் பரப்பில் அது மிகச் சிறு பங்கு என்று கணக்கு பொறுத்துக்கொள்ளும். நாம் பொறுத்துக்கொள்வோமா?

மேலும், ஒரே அளவுப் பிழை ஓரிடத்தில் மறைந்தும் வேறிடத்தில் வெளிப்பட்டும் தோன்றும். இத்துறை ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவரும் சோதனைப் படங்களுள் ஆற்றுப்படுகை ஒன்று. நீல வானம் ஒன்று. ஆற்றுப்படுகையில் கூழாங்கற்களின் மேல் நீர் நெளிந்து நெளிந்து ஓடும். அந்த நெளிவுக்குள் எவ்வளவோ பிழையை ஒளித்து வைக்கலாம். கண்ணுக்கு அது நீரின் ஆட்டமாகவே படும். நீல வானத்தில் மரக்கிளைகளுக்கு மேல் ஒரே சீரான வானம். அங்கே சிறு பிழையும், வெள்ளை வேட்டியில் விழுந்த மைத்துளி போல், உடனே தெரிந்துவிடும். இதனால் ஒரு வேடிக்கையும் நேர்கிறது. ஆற்றுப்படுகை ஒழுங்கின்றி அசைவதால் சுருக்குவதற்கு மிகக் கடினமானது; பிட்டுகளை வாரி விழுங்கும். கண்ணோ அங்கேதான் மிகவும் தாராளமாக மன்னிக்கிறது.

எனவே இறுதித் தீர்ப்புக்கு மனிதரிடமே போக வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்ப்பில் பெரும்பொருள் அடங்கியிருக்கிறது. 2003-இல் எச்.264, 2013-இல் எச்.265, 2020-இல் எச்.266 என்று சுருக்கு முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் முந்தியதன் பாதிப் பிட்டில் அதே தரத்தைத் தருவதையே குறிக்கோளாகக் கொண்டது. ‘அதே தரம்’ என்னும் இரண்டு சொற்களைக் கவனிக்க. அதே தரம்தானா என்று சொல்ல வேண்டியவர் யார்? ஓர் அறையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் சில மனிதர்களே.

அந்த அறையைச் சற்று எட்டிப் பார்ப்போம். இச்சோதனையை எவ்வாறு நடத்த வேண்டும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் விதிகள் வகுத்துள்ளது. தொலைக்காட்சிப் படத்துக்கான விதி 1974-இல் முதன்முதல் வெளிவந்தது, பி.டி.500 என்பது அதன் பெயர். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பல்லூடகப் பயன்பாடுகளுக்கென்று பி.910 என்னும் விதி 1996-இல் வந்தது. குறைந்தது 15 பார்வையாளர் வேண்டும் என்பது பழைய விதியின் சொல். அவர்கள் இத்துறை வல்லுநராக இருத்தல் கூடாது. இது எனக்கு மிகவும் பிடித்த விதி. வல்லுநர் படத்தைப் பார்ப்பதில்லை, குறையைத் தேடுகிறார். சங்கீத வித்துவான் கச்சேரிக்குப் போய் அபசுரம் தேடுவதைப் போன்றது அது.

பார்வையாளர் வந்ததும் முதலில் கண் சோதனை. கண் மருத்துவர் அறையில் தொங்கும் எழுத்துப் பலகையைப் படிக்க வேண்டும். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்லும் இஷிஹாரா சோதனையும் உண்டு. அறையில் வெளிச்சம் மங்கலாக இருக்கும். திரைக்குப் பின்னுள்ள சுவரின் ஒளி, படத்தின் உச்ச வெண்மையில் ஏறக்குறைய 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது வரை விதி பேசுகிறது. பிறகு பயிற்சி. பிறகு சோதனை தொடங்கும். ஆனால் முதலில் வரும் நாலைந்து படங்களுக்கு அவர் இடும் மதிப்பெண்ணை யாரும் கணக்கில் கொள்வதில்லை. அவர் மனம் ஒரு நிலைக்கு வரட்டும் என்று காட்டப்படும் படங்கள் அவை. அவரிடம் இதைச் சொல்வதும் இல்லை! படங்களின் வரிசை ஆளுக்கு ஆள் மாற்றப்படும். ஒரே அமர்வு அரைமணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் கண்ணும் சலித்துவிடும், மனமும் சலித்துவிடும்.

எவ்வளவு தொலைவில் அமர்வது என்பது சிறு செய்தி போலத் தோன்றும். உண்மையில் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. நல்ல கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்துக் காண இயலும் என்பது பொது வழக்கு. 1080 வரிகளையும் தனித்தனியே காண வேண்டுமானால், ஒவ்வொரு வரியும் அக்கோணத்தை நிரப்ப வேண்டும். திரிகோண கணிதம் அறிந்தவர் போட்டுப் பார்க்கலாம்: படத்தின் உயரத்தைப் போல் ஏறக்குறைய 3.2 மடங்கு தொலைவு வரும். உயர்தரப் படத்துக்கு மூன்று மடங்கு உயரத் தொலைவில் அமரச் சொல்லும் விதி இதனால் பிறந்ததே. இதை நம் விடுதிப் பொது அறைக்குப் பொருத்திப் பாருங்கள். 43 அங்குலத் தொலைக்காட்சியின் உயரம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். ஐந்து மீட்டர் தள்ளிப் பின் வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு அதில் ஏறக்குறைய 370 வரிகளே பிரிந்து தெரியும். உயர்தர ஒளிபரப்புக்கு நாம் கட்டும் சந்தாவின் பெரும்பங்கு முன்வரிசைக்காரர்க்கே பயன்படுகிறது. பின் வரிசை நண்பர்கள் அடுத்த செயற்குழுவில் இதனை எழுப்பலாம்.

கைப்பேசிக்கும் இக்கணக்கே. படுக்கவசமாகப் பிடித்த கைப்பேசித் திரையின் உயரம் ஏழு சென்டிமீட்டர், கண்ணிலிருந்து தொலைவு 35 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஐந்து மடங்கு. அங்கே ஏறக்குறைய 690 வரிகள் தெரியும். 720 வரிப் படமே அதற்குப் போதும்.

இனி மதிப்பெண் இடும் முறைக்கு வருவோம். எளிய முறையில் பத்து நொடிப் படம் ஒன்றைக் காட்டி, ‘எக்ஸலன்ட், குட், ஃபேர், பூவர், பேட்’ என்னும் ஐந்து ஆங்கிலச் சொற்களில் ஒன்றைக் குறிக்கச் சொல்கிறார்கள். அவற்றுக்கு முறையே 5 முதல் 1 வரை மதிப்பெண். இன்னொரு முறையில் முதலில் மூலப் படம் பத்து நொடி, பிறகு மூன்று நொடி சாம்பல் நிறத் திரை, பிறகு சுருக்கிய படம் பத்து நொடி. குறை தெரியவே இல்லை என்பதிலிருந்து, குறை மிகவும் எரிச்சலூட்டுகிறது என்பது வரை ஐந்து படிகள். மூன்றாவதாக, இரண்டு படங்களைக் காட்டி, எது மூலம் எது நகல் என்று சொல்லாமலே இரண்டுக்கும் மதிப்பெண் கேட்கும் முறையும் உண்டு. இதில் நகலுக்குச் சிலர் மூலத்தை விட அதிக மதிப்பெண் இட்டுவிடுவதும் நேரும். அவர்களை நகைப்பதற்கில்லை. இரண்டுக்கும் இடையே வேறுபாடே தெரியாத நிலையில் நாணயம் சுண்டுவது போல்தான் விடை அமையும். அதுவே சுருக்கு முறைக்குக் கிடைத்த நற்சான்று.

பத்து நொடி என்பதற்கும் காரணம் உண்டு. படம் நீளமானால் மனிதனின் நினைவு குறுக்கே வந்துவிடும். கடைசியில் பார்த்தது மனத்தில் நிற்கும். தொடக்கத்தில் பார்த்தது மங்கிவிடும். நீண்ட படத்துக்குக் கையில் ஒரு தள்ளுவிசையைக் கொடுத்து, படம் ஓட ஓடத் தரத்துக்கேற்ப மேலும் கீழும் தள்ளச் சொல்லும் முறையொன்று இருக்கிறது. நொடிக்கு இருமுறை அதன் நிலையைக் கணினி குறித்துக்கொள்ளும். இதில் வெளிப்பட்ட ஒரு செய்தி மனித இயல்பையே காட்டுகிறது. தரம் தாழ்ந்தால் விசை சட்டென்று கீழே இறங்குகிறது. தரம் பழையபடி உயர்ந்தாலோ, விசை மெல்ல மெல்லத்தான் மேலே ஏறுகிறது. கண்டிக்க விரைகிறோம், மன்னிக்கத் தயங்குகிறோம்.

ஓர் உண்மையான சோதனையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் கல்பனா சேஷாத்திரிநாதன், ராஜீவ் சௌந்தரராஜன், ஆலன் போவிக், லாரன்ஸ் கார்மாக் ஆகியோர் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. மேலே சொன்ன ஆற்றுப்படுகையும் நீல வானமும் அவர்கள் எடுத்துக்கொண்ட பத்து மூலப் படங்களில் உள்ளன. சூரியகாந்திப் பூ ஒன்றும், வயலில் ஓடும் டிராக்டர் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு மூலத்தையும் பதினைந்து வகையாகக் கெடுத்து 150 படங்கள் செய்தார்கள். சிலவற்றைச் சுருக்கத்தால் கெடுத்தார்கள். சிலவற்றை இணைய வழியிலும் கம்பியில்லா வழியிலும் நேரும் இழப்பால் கெடுத்தார்கள். 38 பேர் பார்த்து மதிப்பெண் இட்டனர். மூலப் படங்களையும் சொல்லாமல் இடையே கலந்து வைத்திருந்தனர். ஆகவே ஒருவர் கஞ்சத்தனமாக மதிப்பெண் இடுபவராயினும், மூலத்துக்கு அவர் இட்டதற்கும் நகலுக்கு இட்டதற்கும் உள்ள வேறுபாட்டையே எடுத்துக்கொள்ள முடிந்தது. கடுமையான ஆசிரியர், தாராளமான ஆசிரியர் இருவர் திருத்திய விடைத்தாள்களை ஒப்பிடுவது போன்ற சிக்கல் இது, நாம் அறியாததன்று.

அந்த 38 பேரில் 9 பேருடைய மதிப்பெண்கள் இறுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் குறித்தவை மற்றவர்களினின்றும் பெரிதும் விலகி நின்றன. விதிப்படி செய்ததே, அவ்வாய்வாளர்மேல் குற்றமில்லை. ஆனாலும் எனக்கு இவ்விடத்தில் மனம் சற்று நிற்கிறது. ஏறக்குறைய நால்வரில் ஒருவர் விலக்கப்படுகிறார். அவர் கவனமின்றிக் குறித்தவராக இருக்கலாம். அல்லது, மற்றவர் காணாத ஒன்றைக் கண்டவராகவும் இருக்கலாம் அல்லவா? பெரும்பான்மையோடு ஒத்துப்போகாதவர் எல்லாம் பிழை என்று கொள்வது தேர்தலுக்குக்கூடப் பொருந்தாது. அண்மையில் இதற்கு நல்ல மாற்றுவழி பிறந்திருக்கிறது. 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவன ஆய்வில் லீ என்பாரும் பாம்பிஸ் என்பாரும் ஒரு முறையைச் சொன்னார்கள். யாரையும் வெளியேற்ற வேண்டாம். ஒவ்வொரு பார்வையாளருக்கும் எவ்வளவு ஒருபக்கச் சாய்வு, எவ்வளவு தடுமாற்றம் என்று கணக்கிட்டு, தடுமாறுபவர் சொல்லுக்குக் குறைந்த எடை கொடுத்தால் போதும் என்பது அதன் சாரம். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.

எல்லா மதிப்பெண்களையும் கூட்டி ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கருத்துச் சராசரி கிடைக்கிறது. விளம்பரங்களிலும் விவாதங்களிலும் அடிபடும் எண் இதுவே. இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? 15 பேர் பார்த்தார்கள், அவர்களுடைய மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 0.8 என்று வைத்துக்கொள்வோம். 0.8-ஐ 15-இன் வர்க்கமூலத்தால் வகுத்து 1.96-ஆல் பெருக்கினால் 0.4 வருகிறது. எனவே சராசரி 3.6 என்றால், உண்மை 3.2-க்கும் 4.0-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். ஒரு சுருக்கு முறை 3.6, இன்னொன்று 3.8 என்று பெற்றால், பின்னது வென்றது என்று கொடி ஏற்றக் கூடாது. இந்த இடைவெளியைப் பாதியாக்க 60 பேர் வேண்டும். மேலும், சராசரி 3 என்பது எல்லோரும் 3 இட்டதாலும் வரலாம். பாதிப்பேர் 5-உம் பாதிப்பேர் 1-உம் இட்டதாலும் வரலாம். முன்னதில் படம் நடுத்தரம். பின்னதில் படம் சிலரை மகிழ்வித்துச் சிலரை வெறுப்பேற்றியிருக்கிறது. எண் ஒன்றே; செய்தி வேறு.

ஆண்டுதோறும் பெருகும் கோடிக்கணக்கான வீடியோக்களுக்கெல்லாம் ஆட்களை அமர்த்த இயலாது. ஆகவே மனிதரைப் போலவே மதிப்பெண் இடும் கணித முறைகளைத் தேடினர். 1997-இல் இதற்கென ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு கூடியது. எட்டு ஆய்வகங்களில் 26,000-க்கு மேற்பட்ட மதிப்பெண்களைத் திரட்டிப் பல முறைகளைப் போட்டியிட வைத்தது. 2000-இல் வெளியான முடிவு சுவையானது: எந்த முறையும் மனிதருக்கு மாற்றாக நிற்கும் தகுதி பெறவில்லை. நாம் மேலே கேலி செய்த அந்தக் கண்ணில்லாத பழைய கணக்கைக்கூட அவை தெளிவாக வெல்லவில்லை. பின்னர் நிலைமை மேம்பட்டது. 2004-இல் வாங், போவிக், ஷேக், சிமான்செல்லி ஆகியோர் வெளியிட்ட முறை, புள்ளிகளைத் தனித்தனியே ஒப்பிடாமல் படத்தின் அமைப்பை ஒப்பிட்டது. 2016-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட விமாஃப் என்னும் முறை, பல அளவுகளை ஒன்றுசேர்த்து, மனிதர் இட்ட மதிப்பெண்களைக் காட்டிக் கணினிக்குப் பயிற்சி அளித்தது. இன்று பெருவழக்காக இருப்பவற்றுள் அதுவும் ஒன்று.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அக்கணினி தானாக எதையும் சுவைப்பதில்லை. ஓர் அறையில் சில மனிதர்கள் சொன்னதைக் கற்றுக்கொண்டு, அவர்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ அதைச் சொல்கிறது. அவர்கள் எந்தத் திரையில் பார்த்தார்கள், எவ்வளவு தொலைவில் அமர்ந்தார்கள், எத்தகைய படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் என்பவையெல்லாம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன. பல்கலைக் கழகங்களில் நடக்கும் சோதனைகளில் நாற்காலியில் அமர்பவர் பெரும்பாலும் மாணவர்களே. இருபது வயதுக் கண்கள். அறுபது வயதுக் கண்ணும், கண்புரை படர்ந்த கண்ணும், வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று கைப்பேசி பார்க்கும் கண்ணும் அந்த அறைக்குள் அரிதாகவே நுழைகின்றன.

கண்ணோடு நில்லாமல் மொழியும் அந்த எண்ணுக்குள் புகுந்துகொள்கிறது. மேலே சொன்ன ஐந்து ஆங்கிலச் சொற்களை நினைவு கொள்க. 5, 4, 3, 2, 1 என்று எண் கொடுக்கும்போது, அடுத்தடுத்த சொற்களுக்கிடையே தொலைவு சமம் என்று நாம் கொண்டுவிடுகிறோம். அது மெய்தானா? 1986-இல் ஜோன்ஸ், மக்மானஸ் என்னும் இருவர் அமெரிக்கரிடமும் இத்தாலியரிடமும் இதைச் சோதித்தனர். ஒரு கோட்டை வரைந்து, ஒவ்வொரு சொல்லும் அக்கோட்டில் எங்கே நிற்கிறது என்று குறிக்கச் செய்தனர். தொலைவுகள் சமமாக இல்லை. இரு மொழிகளிலும் ஒன்றுபோலவும் இல்லை. டச்சு, ஜப்பானியம் முதலிய மொழிகளிலும் பிறர் பின்னர் இதை ஆராய்ந்தனர். சொற்களே வேண்டாம், இரண்டிரண்டாகக் காட்டி ‘இதுவா அதுவா’ என்று மட்டும் கேட்போம் என்பாரும் உண்டு. நல்ல வழிதான், ஆனால் 20 படங்களுக்கு 190 இணைகள் ஆகும். இணைக்கு அரை நிமிடம் என்றாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும். அரைமணி விதி என்ன ஆவது?

நம் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மிக நன்று’, ‘நன்று’ என்று மேலே இரண்டு படிகளை எளிதில் அமைத்துவிடலாம். கீழே ‘மோசம்’, ‘மிக மோசம்’. நடுப்படிக்கு எச்சொல்? ‘சுமார்’ என்று உடனே சொல்வீர்கள். படம் எப்படி என்று கேட்டதற்கு ஒருவர் “சுமார்தான்” என்றால், நீங்கள் டிக்கெட் வாங்குவீர்களா? வாங்க மாட்டீர்கள். அகராதியில் அது நடுவில் நிற்கலாம். பேச்சில் நடுவுக்குக் கீழே இறங்கிவிட்டது. ‘பரவாயில்லை’ என்ற சொல்லோ நடுவுக்கு மேலே நிற்கிறது. எதிர்பார்த்ததை விட நன்றாயிருந்தால் வாயில் வரும் சொல் அது. அதையே இழுத்துச் சொன்னால் வேறு பொருள். மதுரை நண்பர் ஒருவரும் நாகர்கோவில் நண்பர் ஒருவரும் நம் விடுதியில் இதைப் பற்றி ஒரு மாலை முழுதும் வழக்காடினர்; முடிவு காணவில்லை. இங்குள்ள வடநாட்டுத் தோழர்கள் எதற்கெடுத்தாலும் ‘டீக் ஹை’ என்கிறார்கள். அது 4-ஆ, 3-ஆ, அல்லது பேச்சை முடித்துக்கொள்ளும் வழியா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தமிழ் மட்டுமே அறிந்த ஓர் அம்மையாரை அந்த நாற்காலியில் அமர்த்தி, ஆங்கிலச் சொற்கள் அச்சடித்த தாளைக் கொடுத்தால், அவர் அருகில் நிற்பவரைக் கேட்டே குறிப்பார். அப்பொழுது பதிவாவது அவர் கண் அன்று. அருகில் நின்றவரின் மொழிபெயர்ப்பு. அவரை அழைக்காமலே விட்டுவிடுவது அதனினும் எளிது என்று பெரும்பாலும் அப்படியே நடந்துவிடுகிறது. பிறகு அவர் கைப்பேசிக்கு எத்தனை பிட் போதும் என்று அவரைக் கேளாமலே முடிவாகிறது.

தமிழ்ச் சொற்களை அளந்து பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. தாளும் பென்சிலும் போதும். 10 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு. இடது முனை, நீங்கள் கண்டவற்றுள் மிகக் கேவலமான படம். வலது முனை, மிகச் சிறந்த படம். ‘நன்று’, ‘மிக நன்று’, ‘சுமார்’, ‘பரவாயில்லை’, ‘போதும்’, ‘மோசம்’, ‘மிக மோசம்’ என்னும் ஏழு சொற்களும் உங்கள் மனத்தில் எங்கெங்கே நிற்கின்றனவோ அங்கங்கே ஒரு கோடு கிழியுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டாம். உங்கள் சொந்த மாவட்டத்தையும், தமிழ்நாட்டுக்கு வெளியே எத்தனை ஆண்டு வாழ்ந்தீர்கள் என்பதையும் அடியில் எழுதுங்கள், பெயர் தேவையில்லை. தாள்கள் மன்ற நூலக மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றன. அறுபது பேராவது எழுதிக் கொடுத்தால், வரும் இதழில் சொற்களை அவற்றின் இடத்தில் நிறுத்திக் கோட்டை அச்சிட்டுக் காட்டுகிறேன்.